சூடானால் நின்றுபோன கார்

நான்கு நாள் அலைந்த பிறகு ஒருவழியாகச் சரியானது. இன்ஜின் சூடானதும் ஓட்டத்திலேயே அணைந்துவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். கிராங்க் சென்சார் மாற்றினேன், அப்புறம் ஃபியூயல் பம்ப் ரிலே, இரண்டும் தண்டம். நான் கவனிக்காமல் விட்டது ஒன்று: அணைந்தபின் சாவியைத் திருப்பினால் செக் இன்ஜின் விளக்கே எரியாது, கோளாறு படிக்கும் ஸ்கேனரும் ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிடிக்காது. அந்த நேரம் பார்த்து மீட்டர் வைத்தேன். ஈசியூவுக்கு வரும் 12 வோல்ட்டும் எர்த்தும் சரி, ஆனால் அது சென்சார்களுக்குத் தரவேண்டிய 5 வோல்ட் இல்லை. ஏதாவது சென்சார் ஷார்ட் ஆனாலும் இப்படி ஆகும் என்று எல்லாவற்றையும் கழற்றியும் பார்த்தாயிற்று, 5 வோல்ட் வரவில்லை. அப்படியானால் கோளாறு ஈசியூவில்தான். அதே பார்ட் நம்பரில் பழைய ஈசியூ ஒன்றைப் போட்டால், ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைந்தது. இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு)! என் ஈசியூவின் ஈப்ராம் (சாவி விவரம் பதிந்திருக்கும் நினைவகச் சிப்) தகவலை அதில் ஏற்றியதும் ஓடியது.