அவசரப்பட்டு எடைபோடாதீர்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே ஒரு கதையைப் பற்றி மனசு ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அந்த முதல் அபிப்பிராயத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அண்ணன் நல்லவன். அதனால்தான் அந்தக் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை." படித்தவுடனே, இதைச் சொல்கிற தம்பிமேல் நமக்குப் பரிவு வந்துவிடுகிறது. அண்ணன் மனம் நோகக் கூடாதென்று மறைக்கிறான் போலிருக்கிறது. பத்துப் பக்கம் தாண்டினால், அந்தக் கடிதமே அண்ணனுக்கு வந்ததுதான் என்று தெரிகிறது. அப்படியென்றால் தம்பி சொன்ன 'நல்லவன்', எளிதில் ஏமாறுகிறவன். இந்த இடத்தில் திரும்பிப்போய் அந்த முதல் வரியைப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை. பழைய பரிவோடேயே மேலே படித்துவிட்டு, கதை குழப்புகிறது என்கிறார்கள். 'நான்' என்று பேசுகிறவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புவதும், அதை எழுத்தாளரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த தவறுகள்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. பழக்கமில்லாத விஷயத்தை, நம்மை அறியாமலே, பழகியதாக மாற்றிப் படித்துவிடுகிறோம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். முடிவுகளை 1932-இல் வெளியிட்டார். கடல்நாய் வேட்டை சிலரிடம் மீன்பிடிப்பாகிவிட்டது. கதைக்கே உயிரான ஆவிகள் சிலர் சொன்னதில் காணாமல் போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஆகவே, 'இது ஏன் இப்படி?' என்று உறுத்தும் இடத்தை அவசரமாகச் சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

பெயரைப் பார்த்து மதிப்பிடுவதும் உண்டு. அதே கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929-இல் வெளியான அந்தக் கருத்துகளில், பேர்பெற்றவர்களின் கவிதைகளும் நன்றாக மட்டம்தட்டப்பட்டிருந்தன. பெயர் தெரிந்திருந்தால் அப்படி எழுதத் துணிந்திருப்பார்களா? பின்னட்டை, விருது, விமர்சனம் எல்லாவற்றையும், புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரே வரியில் நீதியைத் தேடும் பள்ளிக்கூடப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

முடித்த கையோடு முதல் அத்தியாயத்தையும், கோடு போட்ட இடங்களையும் மறுபடி படியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா? சரி, பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால், இன்ன பக்கம், இன்ன வரி என்று எடுத்துக் காட்டவும் உங்களால் முடியும்.