காட்டுத்தீ விழிப்புணர்வுப் பணியில் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைத் தீ சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி கேட்ட பிறகுதான் நாங்கள் சில பேர் சேர்ந்து மலையடிவார ஊர்களுக்குப் போக ஆரம்பித்தோம். நல்ல மனசோடுதான் போனோம், ஆனால் நிறையத் தப்பும் செய்தோம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் நாங்கள் ஊருக்குள் கால் வைத்ததே மார்ச் கடைசியில். அதற்குள் வேளை தப்பிவிட்டது. டிசம்பரில் மழை ஓய்கிறது, ஜனவரிப் பனியில் புல் கருகுகிறது, பிப்ரவரி பிறந்தால் ஒரு பீடித் துண்டு போதும். தீ தாண்டாமல் இருக்கப் புல்லையும் சருகையும் அகற்றி வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் வெயில் ஏறுவதற்கு முன்னால்தான். ஊர்க்கூட்டத்தைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது எங்களுக்கு ரொம்ப வலித்த தப்பு. புளியமரத்தடியில் திரை கட்டி, கருகிக் கிடக்கும் மான் படத்தைப் போட்டு, “இதுக்கு யார் காரணம்?” என்று கேட்டோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாடு மேய்க்கும் பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “நாங்க வைக்கலைன்னு சொன்னா நம்பவா போறீங்க தம்பி?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டமும் போய்விட்டது.

மறுவாரம் படம், மைக் எதுவும் இல்லாமல் அவருடைய பட்டிக்குப் போனோம். ஒரு பசுவின் காது மடலைத் திருப்பிக் காட்டினார். ஆமணக்கு விதை மாதிரி உப்பி, வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன உண்ணிகள். “முத்தின புல்லை மாடு மோந்துகூடப் பாக்காது. எரிச்சா உண்ணியும் சாகும், ஒரு மழைக்கு இளம்புல்லும் வரும்” என்றார். தீ வைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, காப்புக்காட்டில் அது குற்றம். ஆனால் உண்ணிக்கு மருந்து கிடைக்க வழி செய்யாமல் “தீ வைக்காதீங்க” என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? அடுத்த ஆண்டு கால்நடை மருத்துவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்றைக்குத்தான் ஜனங்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

மலைவாழ் மக்களுக்குத் தீயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைப்பதும் தப்பு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் காடு முழுக்கக் காய்வதற்கு முன்பே சருகை மட்டும் லேசாக எரித்துவிடுவார்கள். அதை ‘தரகு பெங்கி’ என்பார்கள். அது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி (லாண்டானா என்ற புதர்) காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். அந்தச் செடி காய்ந்தால் தீ புல்லோடு நிற்காமல் மரத்தில் ஏறிவிடும்.

மேய்ப்பவர்களிடம் மட்டும் புத்தி சொல்லிவிட்டு, தோட்ட முதலாளியையும் விடுதிக்காரரையும் விட்டுவிடுவது பச்சை அநியாயம். 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிடித்த தீ காட்டுக்குள் பரவி, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. பட்டா நிலத்தில் குப்பை எரிக்கிறவர்கள், கேம்ப் ஃபயர் போடுகிறவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வர வேண்டும்.

தீயைப் பார்த்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை அனுப்புகிறது, உண்மைதான். ஆனால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஒரு நாளில் சில தடவைதான் வரும். அது எடுக்கும் படத்தில் ஒரு புள்ளியே தரையில் 375 மீட்டர் அகலம். செயற்கைக்கோளுக்கு முன்னால் தீயைப் பார்ப்பது அடிவாரத்து டீக்கடையில் நிற்கிற கண்கள்தான். வனச்சரக அலுவலக எண்ணை அந்தக் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் கூப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் திருத்துங்கள். பக்கத்திலேயே 101, 112 இருக்கட்டும். எந்தப் பாறை, எந்த ஓடை என்று ஊர்க்காரர் வழங்கும் பெயரைச் சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேலே ஆள் இருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். மலையில் எந்த இடத்தில் டவர் கிடைக்கும் என்பதைக்கூட முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ரப்பர் செருப்பும் பாலியஸ்டர் சட்டையுமாகத் தீயை அணைக்க ஓடாதீர்கள். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கீழே எரியும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முதலிலேயே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. அதனால் தீக்கு மேலே நிற்பது ஒருபோதும் கூடாது. மேல்நோக்கி ஓடித் தீயை முந்தவும் முடியாது. குறுகலான வறண்ட ஓடைப் பள்ளம் புகைக்கூண்டு மாதிரி தீயை உள்ளே இழுக்கும், அங்கே இறங்காதீர்கள். வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து ஆறிய கருநிலம், இவைதான் ஓரளவு பாதுகாப்பு. 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்தில் காட்டுத்தீயை அணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் இறந்தார்கள். காட்டிலேயே வேலை செய்தவர்களுக்கே அந்தக் கதி. எதிர்த்தீ வைப்பது, அதாவது வரும் தீக்கு இரை இல்லாமல் செய்ய முன்னாலேயே எரித்துவிடுவது, தன்னார்வலர் வேலையே அல்ல. வனத்துறை கூப்பிடாமல் காட்டுக்குள் போகாதீர்கள். தண்ணீர், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, சாலையில் வண்டிகளை நிறுத்துவது, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைக் கூட்டி வருவது என்று வெளியே நமக்கு ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. யாருக்காவது தீப்பட்டால் 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பற்பசை, இங்க் எதையும் தடவக்கூடாது.

எரிந்த இடத்தில் உடனே மரக்கன்று நடுவதும் வேண்டாம். உச்சிமலைப் புல்வெளி மழை விழுந்தால் தானாகவே தழைக்கும். அங்கே மரம் நட்டால் புல்வெளிதான் அழியும்.

ஜூனில் மழை வந்ததும் குழு கலைந்துபோவது எங்கள் வழக்கமாக இருந்தது. இப்போது அந்த மாதம் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தத் தேதியில் எங்கே எரிந்தது, முதலில் பார்த்தது யார் என்று கையால் வரைந்த வரைபடத்தில் குறிக்கிறோம். மூன்று வருஷக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது, மலைச்சாலையின் ஒரே வளைவு மூன்று தடவை வந்திருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் வேனை ஓரங்கட்டி அடுப்பு மூட்டும் இடம் அது. பிறகு ஒரு ஜனவரியில், வனவரிடம் சொல்லிவிட்டு அந்த வளைவின் இரு பக்கமும் சருகைக் கூட்டி அள்ளினோம். மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றது அந்த மாட்டுக்காரப் பெரியவர்தான்.