சீட்டை வாங்கிட்டு அப்புறம் பேசிக்கலாம் என்று நினைக்காதீர்கள்

அமெரிக்காவில் கல்லூரி மாறப்போகிறவர்களுக்கு, முதலில் சுலபமான விஷயங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. அதற்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் பக்கமே போக வேண்டாம். தனியார் கல்லூரிகள் பலவும் தங்கள் சொந்த உதவியைத் தர, குடும்ப வருமானத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அப்பாவின் வருமானவரிக் கணக்கை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசாங்கப் பதிவேடு) பதிவைப் புதுக் கல்லூரிக்கு மாற்றச் சொல்லிப் பழைய கல்லூரியில் கேட்டால், புதுக் கல்லூரியிலிருந்து ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்று வரும். ஐ-901 என்ற செவிஸ் பதிவுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதெல்லாம் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

நான் மாட்டியது வேறொன்றில். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புள்ள கல்லூரி) இரண்டு வருடம் முடித்து, 4க்கு 3.8 ஜிபிஏவோடு (மதிப்பெண் சராசரி) ஒரு தனியார் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். 'நிதியுதவி கேட்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆமாம் என்றால் சீட்டு கிடைக்காது என்று சீனியர் அண்ணன் ஒருவர் பயமுறுத்தினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. 'இல்லை' என்று போட்டேன். நம்ம ஊர்ப் புத்தி! முதலில் சீட்டு, அப்புறம் அப்பாவோடு போய் கரஸ்பாண்டன்ட் அறை வாசலில் நின்றால் ஃபீஸைக் குறைப்பார்கள். விருதுநகரில் அக்காவுக்கு அப்படித்தான் பன்னிரண்டாயிரம் குறைந்தது.

சீட்டு கிடைத்தது. 500 டாலர் டெபாசிட் கட்டினேன். ஐ-20 வாங்கச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதால் பெரியப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டையும் சேர்த்துக் காட்டினேன். அதற்குப் பிறகு உதவி கேட்டு எழுதினேன். இரண்டே வரியில் பதில்: சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர், படித்து முடிக்கும்வரை கேட்க முடியாது. கூடவே, 'செலவுக்குப் பணம் இருக்கிறது' என்று நானே கையெழுத்துப் போட்ட தாளின் நகல்! அப்பாவுக்கு ஃபோன் போட்டால், "நேர்ல போய்ப் பாத்தியாய்யா?" என்றார். போனேன். உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, அதே இரண்டு வரியைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'வெளிநாட்டு மாணவருக்கு உதவி உண்டா' என்று மொட்டையாகக் கேட்டால் 'உண்டு' என்று வரும். அது முதலாண்டில் சேர்பவர்களுக்கு மட்டும் என்பது பின்னால்தான் தெரியும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் வெளிநாட்டவருக்கு உண்டா, இப்போது கேட்காவிட்டால் அடுத்த வருடம் கேட்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கம்யூனிட்டி காலேஜில் இருப்பவர்கள் தகுதி வந்ததும் ஃபை தீட்டா கப்பாவில் (நன்றாகப் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கான சங்கம்) சேர்ந்துவிடுங்கள். அதன் உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகை தரும் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் அந்தக் காசு அரிசி பருப்புக்குத்தான் வரும், ஃபீஸுக்கு ஆகாது.

நான் அந்தத் தனியார் கல்லூரியை விட்டுவிட்டு, ஃபை தீட்டா கப்பா உறுப்பினர்களுக்கான ஓர் உதவித்தொகையில் இப்போது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். அந்த 500 டாலர் போனது போனதுதான். அப்பா மட்டும் இன்னும் விடவில்லை: "நான் வந்திருந்தா கரஸ்பாண்டன்ட்டப் பாத்துப் பேசியிருப்பேன்."