சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுக்கும் டீசல் பிக்கப்: பழுதைக் கண்டறியும் முறை

காலையில் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆகும் டீசல் பிக்கப், பாரத்துடன் நெடுந்தூரம் ஓடிவிட்டு, ஓட்டுநர் தேநீருக்காக நிறுத்திய கால் மணி நேரத்தில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காமல் போவதுண்டு. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் அதே வண்டி எந்தக் குறையும் இல்லாததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பழுது மறைந்திருக்கும் என்பதால், கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை என்ஜின் சூடாக இருந்து வண்டி அடம்பிடிக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். என்ஜினை அணைத்ததும் கூலண்ட் ஓட்டமும் விசிறிக் காற்றும் நின்றுவிடுவதால், உலோகத்தில் தேங்கிய வெப்பம் பம்ப், சென்சார், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குப் பரவி, ஓடும்போது இருந்ததைவிட அவற்றை அதிகமாகச் சூடாக்குகிறது. அணைத்த உடனே மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டி, பத்து நிமிடம் கழித்து ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் பிரித்தறிய வேண்டியது, செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா, இழுத்து இழுத்துச் சுழல்கிறதா என்பதை. மெதுவாகச் சுழன்றால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் பேட்டரி பெரும்பாலும் சார்ஜ் நிறைந்தே இருக்கும்; ஆகவே ஐயம் முதலில் எர்த் ஒயரின் மீதும் செல்ஃப் மோட்டாரின் மீதும் விழ வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் இணைப்பைக் கழற்றித் துரு போகத் தேய்த்து இறுக்க வேண்டும். பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் டெர்மினலுக்கும் இடையிலும் இதே சோதனையைச் செய்யலாம். இரண்டும் சரியாக இருந்து, கிராங் செய்யும்போது பேட்டரி வோல்ட்டேஜ் 10க்குக் கீழே இறங்காமலும் இருந்தால், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புஷ், கார்பன், ஆர்மேச்சர் ஆகியவற்றைப் பார்ப்பதே அடுத்த வேலை. ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிப்பது நல்ல மோட்டாரையும் கெடுத்துவிடும்.

வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால், டேஷ்போர்டில் உள்ள ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) முள்ளைக் கவனிக்க வேண்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் அதில் வரும் எண் இன்னும் நம்பகமானது. என்ஜின் சுழலும்போதே ஆர்பிஎம் சுழியமாக நின்றால், என்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதனுள் இருக்கும் கம்பிச்சுற்று சூட்டில் தொடர்பு விட்டு, ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்வது பழகிப்போன பழுது. பி 0335 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் குறியீடு இல்லை என்பதற்காகச் சென்சாரை விட்டுவிடக் கூடாது. ஈரத் துணியைச் சென்சார் மீது சில நிமிடம் வைத்து ஆற்றியபின் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், ஒயரையும் சாக்கெட்டையும் பார்த்துவிட்டுச் சென்சாரை மாற்றிவிடலாம்.

ஆர்பிஎம் ஒழுங்காக வந்தும் பிடிக்காத வண்டிகளே அதிகம் செலவு வைப்பவை. இந்தியாவில் 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பின் விற்ற டீசல் பிக்கப்களில் பெரும்பாலானவை காமன் ரெயில் முறையைக் கொண்டவை; அதாவது பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகும். இவற்றில் ரெயில் அழுத்தம் குறிப்பிட்ட அளவை, பல வண்டிகளில் ஏறத்தாழ 200 முதல் 300 பார் (அழுத்த அலகு) வரையுள்ள அளவை, எட்டிய பிறகே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைத் திறக்கும். சூடான டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த பம்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள மைக்ரான் அளவு இடைவெளிகள் வழியே கசிந்து, மிச்ச டீசலை டேங்குக்குக் கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாய்க்குத் திரும்பிவிடுகிறது. செல்ஃப் அடிக்கும் குறைந்த வேகத்தில் பம்ப் அனுப்புவதைவிடக் கசிவு மிஞ்சிவிட்டால், அழுத்தம் ஏறவே ஏறாது. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும் நாட்களில் தொல்லை கூடுவதும் இதனோடு சேர்ந்ததே, ஏனெனில் சூடாகத் திரும்பும் டீசல் அங்கிருக்கும் கொஞ்சத்தையும் விரைவில் சூடாக்கிவிடும்.

அழுத்தம் ஏறவில்லை என்று ஸ்கேனர் காட்டியவுடன் இன்ஜெக்டர் செட் வாங்க ஓடுவதை நான் ஏற்பதில்லை. முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஹோஸ்களில் காற்று இழுக்கிறதா என்று ஃபில்டரின் வெளிவழியில் ஒரு கண்ணாடி போன்ற டியூபைப் பொருத்திக் குமிழிகளைப் பார்க்க வேண்டும். இது சரியாக இருந்தால் ரிட்டர்ன் சோதனைக்குப் போகலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் தனித்தனி டியூப் பொருத்தி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, ரிட்டர்ன் குழாயின் திறந்த முனையை அடைத்துவிட்டு, ஆறி ஸ்டார்ட் ஆன என்ஜினை மீண்டும் சூடேற்றி இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். ஒரு பாட்டிலில் மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டரே குற்றவாளி. நான்கிலும் குறைவாகவே இருந்து அழுத்தம் மட்டும் ஏறாவிட்டால், பம்ப், பம்பில் உள்ள அளவுக் கட்டுப்பாட்டு வால்வு, ரெயிலின் ரிலீஃப் வால்வு ஆகியவற்றின் மீது பார்வை திரும்ப வேண்டும். ரெயில் பைப்பையோ அதன் நட்டையோ என்ஜின் ஓடும்போது தளர்த்தவோ, கசிவைத் தேடி அருகில் விரல் வைக்கவோ கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் இத்தனை அளவீடு தேவையில்லை. பம்பின் மீது ஈரத் துணியைச் சுற்றித் தண்ணீர் விட்டு ஆற்றியதும் வண்டி பிடித்துக்கொண்டால், பம்பினுள் அழுத்தம் உண்டாக்கும் ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்துவிட்டன என்று பம்ப் கடைக்கு எடுத்துச் செல்லலாம். ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துச் சமாளிக்கும் பழக்கம், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் தீ விபத்துக்கும் பிஸ்டன் சேதத்துக்கும் வழிவகுப்பது.

இன்ஜெக்டரை மாற்றும்போது அதன் மேல் பொறிக்கப்பட்ட குறியீட்டை ஸ்கேனர் வழியே இசியுவில் பதிவுசெய்யச் சொல்லவும். கழற்றிய ஃபில்டரைப் பிரித்துப் பார்த்து உள்ளே உலோகத் துகள் மின்னினால், பம்ப் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் பம்பை மாற்றி, டேங்கையும் குழாய்களையும் ரெயிலையும் கழுவிய பிறகே புது இன்ஜெக்டரைப் பொருத்த வேண்டும்.