பழ மணம் கலந்த ரோஸ் பெர்ஃப்யூமைக் கடையில் நின்றபடி முடிவு செய்யாதீர்கள்

இனிப்பான, பழ வாசனை உள்ள ரோஸ் பெர்ஃப்யூம் எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் அருமையாகத்தான் இருக்கும். லிச்சி, பேரிக்காய், எலுமிச்சை வகை மணங்கள் எல்லாம் சீக்கிரம் ஆவியாகிறவை, அடித்தவுடனே மூக்கில் ஏறுவதும் அவைதான். ரோஜா மெதுவாக வரும், அதற்கடியில் இருக்கும் வெனிலா, மஸ்க் (கஸ்தூரி மாதிரி மணம்), பச்சௌலி (மண் வாசனையுள்ள ஒரு இலை) எல்லாம் இன்னும் தாமதமாக வரும். கடையில் முகர்ந்து மயங்கி காசு கொடுப்பது முதல் பத்து நிமிடத்துக்கு, நாம் அதோடு இருக்கப்போவதோ மீதி ஆறேழு மணி நேரம். அதனால் பழம் அடங்கிய பிறகு ரோஜா எப்படி நிற்கிறது என்பதை வைத்துத்தான் இந்த வகையை எடைபோட வேண்டும்.

பழம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எந்தப் பழம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லிச்சி ரோஜாவோடு அவ்வளவு இயல்பாகச் சேர்வதற்குக் காரணம் உண்டு: ரோஸ் ஆக்ஸைடு என்ற மணப்பொருள் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது, லிச்சிப் பழத்திலும் இருக்கிறது. பார்ஃபம்ஸ் டி மார்லி என்ற பிராண்டின் டெலினா பெர்ஃப்யூம் (2017, செய்தவர் கென்டின் பிஷ்) இந்த வழியில் போகிறது, லிச்சியோடு ருபார்ப் என்ற தண்டின் புளிப்பும் சேர்வதால் ஆரம்பம் பளிச்சென்று இருக்கும். பீச் வேறு மாதிரி. அதன் மணத்தைத் தரும் லாக்டோன்கள் கனமானவை, மணிக்கணக்கில் போகாது. 1990இல் சோஃபியா கிராய்ஸ்மன் லான்கோம் பிராண்டுக்குச் செய்த ட்ரெஸோர் பெர்ஃப்யூமில் ரோஜாவும் பீச்சும் கடைசிவரை ஒன்றாகவே வரும். அப்புறம் ப்ளம், ஜாம் மாதிரி ஆழமான ஒரு இனிப்பு வரும் பாருங்கள், அது பெரும்பாலும் டமஸ்கோன், டமஸ்கெனோன் வகைப் பொருள்களின் வேலை. டமஸ்கெனோன் ரோஜா எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் ரோஜாவை ரோஜாவாகக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆக, நல்ல ரோஜாவுக்குள்ளேயே பழம் இருக்கிறது. பெர்ஃப்யூம் செய்கிறவர் அதைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறாரா, இல்லை மேலே சர்க்கரைப் பாகை ஊற்றியிருக்கிறாரா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் தரும் காகிதப் பட்டையில் அடித்து வாங்கி, பெயரையும் நேரத்தையும் எழுதிப் பைக்குள் தனியாக வையுங்கள். பத்து நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள். மறுநாள் முகர்வது ரொம்ப முக்கியம், மேல்பூச்சு எல்லாம் போய் அடித்தளம் மட்டும் நிற்கும். அப்போது வெறும் ஷாம்பு வாசனைதான் மிச்சம் என்றால் அந்த விலைக்கு அது தேவையில்லை, துபாய் பிராண்டுகளில் அதே சாயலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காகிதத்தில் பிடித்தது மட்டும் தோலுக்குப் போகட்டும், ஒரு கைக்கு ஒன்று போதும். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள், சூடாகி மேல் மணம் சீக்கிரம் பறந்துவிடும். நடுவில் காப்பிக்கொட்டையை முகர்வதால் பயன் எதுவும் இல்லை, வெளியே போய் நல்ல காற்றில் கொஞ்சம் நில்லுங்கள்.

தோலில் மூன்று மணி நேரம் கழித்து முகரும்போது உண்மையான ரோஜாவின் மற்ற முகங்களைத் தேடுங்கள்: கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மிளகுக் காரம், தேன், லேசான புளிப்பு. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே நல்ல பெர்ஃப்யூம் என்பேன். ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி ஒரே இனிப்பாக நின்றால் ஒரு வாரத்தில் திகட்டிவிடும். இனிப்பைத் தாங்கிப் பிடிக்க அடியில் கசப்போ மரமோ புகையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ரெடெரிக் மால் என்ற பிராண்டுக்காக டொமினிக் ரோபியோன் செய்த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடியில் (2010) ராஸ்பெர்ரியும் பிளாக்கரன்டும் உண்டு, ஆனாலும் அதை யாரும் மிட்டாய் என்று சொல்ல மாட்டார்கள், பச்சௌலியும் சாம்பிராணியும் அவ்வளவு கனமாக நிற்கின்றன. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், விலை வயிற்றைக் கலக்கும் என்றாலும்.

சரி, போடுவது. நம்ம ஊர் வெயிலில் இனிப்பு இரண்டு மடங்காகத் தெரியும். சித்திரை, வைகாசி மதியத்தில் வெளியே போவதாக இருந்தால் ஒரு ஸ்ப்ரே போதும், அதுவும் பின்கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ. ஏசி அறையில் உட்காரும் வேலை என்றால் இரண்டு, மார்கழி மாலைக் கச்சேரிக்கு மூன்றுகூடப் போடலாம். மூக்குக்கு நேர் கீழே, தொண்டைக் குழியில் அடித்தால் அரை மணி நேரத்தில் மூக்கு மரத்துவிடும், போய்விட்டது என்று நினைத்து மேலே மேலே அடிப்பீர்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வரும். வறண்ட தோல் என்றால் முதலில் வாசனையில்லாத லோஷன் தடவிக்கொள்ளுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் மணம் ரோஜாவோடு சண்டை போடும். பருத்தித் துணியில் அடித்தால் நன்றாக நிற்கும். பட்டில் நேரடியாக அடிக்கவே கூடாது, கறை விழும். தலையில் மல்லிகை வைக்கிற நாளில் இந்த பெர்ஃப்யூமை விட்டுவிடுங்கள், இரண்டும் இனிப்பு, இரண்டும் சத்தமாகப் பேசும், பாவம் மல்லிகைதான் தோற்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், ரொம்ப மிட்டாயாக இருக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல ரோஸ் அத்தர் ஒரு பொட்டு முதலில் தோலில் வைத்து, அதன் மேல் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், ரோஜாவுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். சந்தனமும் இதே வேலையைச் செய்யும்.

புதிதாக வாங்குகிறவர்கள் முழு பாட்டிலுக்குப் போகும் முன் 2 மிலி அல்லது 5 மிலி டீகன்ட் (பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றித் தருவது) வாங்குங்கள். 2 மிலியில் சுமார் இருபது ஸ்ப்ரே வரும், வெயில் நாள், மழை நாள், அலுவலகம், கல்யாணம் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்க அது போதும். பாட்டில் வாங்கினால் அட்டைப் பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். குளியலறையிலும் காரிலும் வைத்தால் சூட்டில் முதலில் கெடுவது மேலே இருக்கும் அந்தப் பழ மணம்தான்.