கடலூர்த் துறைமுக வரலாறு: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரின் பழைய வணிகத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கப்பல்கள் ஆற்றுக்குள் வரிசையாக நிற்கின்றன, கரையிலிருந்தே துணி மூட்டைகள் ஏறுகின்றன. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்க வழியே இல்லை. முகத்துவாரத்தைக் குறுக்கே மறித்துக் கிடக்கும் மணல்திட்டைப் பெரிய கப்பல் எதுவும் தாண்டியிருக்க முடியாது. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போட்டன. நடுவில் ஓடியதெல்லாம் படகுகள்தான். இருபதாம் நூற்றாண்டிலும் கடலூர் அப்படித்தான் இயங்கியது: கப்பல் வெளியே நிற்கும், சரக்குப் படகுகள் உப்பனாற்றுக் கரைக்கும் கப்பலுக்கும் போய்வரும்.

இது சின்ன விவரம் என்று விட்டுவிடக் கூடாது. இந்த ஊரின் வணிகத்தில் பாதி அந்த இடைவெளியில்தான் நடந்தது. திறந்த கடற்கரையில் அலையை வெட்டிக்கொண்டு போக மசூலாப் படகு இருந்தது. அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டு மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பியர்களின் சொந்தப் படகுகள் இந்த அலையில் தாக்குப்பிடிக்காததால் அவர்களும் இதைத்தான் நம்பி இருந்தார்கள். படகுக்காரர் வரவில்லை என்றால் அன்றைக்குச் சரக்கும் போகாது, கடிதமும் போகாது. ஆளுநர் பெயரை நான்கு முறை எழுதுகிறவர்கள் படகோட்டிகளுக்கு ஒரு வரியாவது கொடுக்க வேண்டும்.

பருவத்தைப் பற்றியும் ஒரு தவறு உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் முன் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போய்விடும் என்பது சரி. அதை வைத்து மற்ற மாதங்களில் ஆபத்தே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். 1749 ஏப்ரலில் வீசிய புயலில்தான் 'நமூர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்தது சொற்கள். என் பார்வையில் அதிகச் சேதம் செய்வது இதுதான். ஆங்கில ஆவணத்தில் 'பேக்டரி' என்று வந்தால் கை தானாகவே 'தொழிற்சாலை' என்று எழுதிவிடுகிறது. அங்கே எந்த இயந்திரமும் இல்லை. 'பேக்டர்' என்றால் கும்பினியின் வணிக முகவர், அவர் இருந்து வேலை பார்த்த இடம் 'பேக்டரி'. பண்டகசாலை என்பதே பொருத்தமான தமிழ். அப்புறம் 'ரைட்டர்'. 1744-இல் ராபர்ட் கிளைவ் மதராஸுக்கு வந்தது இந்த வேலைக்குத்தான். 'எழுத்தாளராக வந்த கிளைவ்' என்று ஒரு கட்டுரையில் படித்து மனம் நொந்துபோனேன். அது கணக்கும் கடிதமும் நகலெடுக்கும் கடைநிலை எழுத்தர் வேலை. 'கச்சேரி' என்று வந்தால் பாட்டு இல்லை, அலுவலகம்.

'தொழிற்சாலை' என்று எழுதியதும் துணி நெய்யப்பட்ட விதமே மாறிப்போகிறது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். நெசவு ஊர்களில், நெசவாளரின் வீட்டில் நடந்தது. கும்பினி உள்ளூர் வணிகர்களிடம் ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி நெசவாளரிடம் வந்து சேரும், அதில்தான் அவர் நூல் வாங்குவார். துணி பண்டகசாலைக்கு வந்ததும் மாதிரித் துணியைப் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், நூலின் நெருக்கம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று விலை இறங்கும். தேறாத துணி திரும்பிப் போகும். அந்த நட்டம் வணிகரோடு நிற்காது. ஏற்கெனவே வாங்கிய முன்பணம் நெசவாளரின் தலையில் கடனாக நிற்கும், அடுத்த ஆண்டும் அதே ஆளுக்கே நெய்ய வேண்டியிருக்கும். இந்தச் சங்கிலியைச் சொல்லாமல் 'துணி ஏற்றுமதி செழித்தது' என்று முடித்தால் யாருக்குச் செழித்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சரி, ஆட்சிக்கு வருவோம். '1690 முதல் கடலூர் மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது' என்ற வாக்கியத்தில் மூன்று பிழைகள். அன்றைக்கு மாவட்டம் கிடையாது. வாங்கியது பிரிட்டிஷ் அரசு இல்லை, ஒரு வணிகக் கும்பினி. அரசு நேரடியாகக் கையில் எடுத்தது 1858-இல். வாங்கிய நிலமும் கொஞ்சம்தான்.

அந்த விற்பனையே ஒரு விசித்திரம். முகலாயப் படையை எதிர்த்துச் செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. மதராஸில் எலைஹு யேல் ஆளுநராக இருந்தார். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை (இதுதான் புனித டேவிட் கோட்டை) வாங்கும்போது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைக்குள் இருக்கும் நிலமும் சேரும் என்று பேச்சு. அதற்கென்றே மதராஸிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி வந்தது. நாலாபக்கமும் சுட்டு, உள்ளே அடங்கிய ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். கூடலூரும், அதாவது இன்றைய கடலூரும், அதில் அடக்கம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் வந்தது இப்படித்தான். அந்த எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் முதலில் மராத்தியர், 1698-இல் செஞ்சி விழுந்த பிறகு முகலாயர், அப்புறம் ஆர்க்காட்டு நவாப். மாவட்டத்தின் மற்றப் பகுதி கும்பினியிடம் வந்தது நவாபுடன் 1801-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகே. தென்னாற்காடு ஜில்லாவும் கலெக்டரும் அதற்குப் பின்னால் வந்தவை. அதனால் கிளைவைக் 'கடலூர் கலெக்டர்' ஆக்குவது தவறு. 1756-இல் அவர் வகித்தது புனித டேவிட் கோட்டையின் துணை ஆளுநர் பதவி. கோட்டையைக் கட்டியவரும் அவர் இல்லை, அவர் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்ததும் ஆங்கிலேயரின் தென்னாட்டுத் தலைமையிடம் இங்கேதான் வந்தது. 1752 வரை இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலர், 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதே கோட்டையைப் பிடித்துத் தகர்த்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. 1760-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி, 1782-இல் பிரெஞ்சுக்காரரிடம் போய், 1785-இல் மறுபடி வந்தது. எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆண்டில் ஊர் யார் கையில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் 'அரசு' என்ற சொல்லைப் போட வேண்டும்.

தேதியில் தடுக்கி விழாதவர் குறைவு. மதராஸ் சரணடைந்தது 1746 செப்டம்பர் 10 என்று ஒரு நூலும் 21 என்று இன்னொரு நூலும் சொல்லும். இரண்டும் ஒரே நாள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் 1582-லேயே மாறிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பதினொரு நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு அன்றைய ஆங்கிலப் புத்தாண்டு மார்ச் 25. பழைய குறிப்பில் '1690 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1691. வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும், தொடங்குவது ஜூலையில். பசலி 1211 என்றால் 1801 ஜூலை முதல் 1802 ஜூலை வரை.

பணத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. மதராஸில் நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம் ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கு இருந்த காலம் உண்டு. அது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். வராகன், பணம், காசு மூன்றையும் கோடு போட்டு அடுத்தடுத்து எழுதியிருப்பதைத் தசமப் புள்ளி போல வாசித்தால் கணக்கே குலைந்துவிடும். எடையிலும் கவனம் வேண்டும்: மதராஸ் மணங்கு 25 பவுண்டு, வடநாட்டு மணங்கு வேறு. இருபது மணங்கு ஒரு பாரம்.

இன்னொன்று, ஊர்ப் பெயர். அன்றைய தமிழ்க் குறிப்புகளில் இது கூடலூர். நீலகிரிக் கூடலூரோடு குழப்பிக்கொண்டு தேடி நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஒரே பக்கத்து ஆவணத்தை மட்டும் படிப்பது. கோட்டை ஆலோசனைச் சபையின் பதிவேடுகள் கும்பினி மேலிடத்துக்காக எழுதப்பட்டவை. இழப்புக்கு எப்போதும் வேறு யாராவது காரணமாக இருப்பார்கள். சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில், 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வணிகர், பிரெஞ்சுக்காரரின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். தேவனாம்பட்டினத்துச் செய்தி அவருக்கு எதிர்த் தரப்பிலிருந்து வருகிறது, வதந்தியோடு கலந்து வருகிறது. அவருக்கும் சொந்த லாபநட்டம் உண்டு. ஆனாலும் அவரிடம் சரக்கின் விலை, கப்பல் வந்த நாள், யார் யாரிடம் பணம் வாங்கினார் என்பதெல்லாம் நம் மொழியிலேயே இருக்கிறது. அவர் 'அட்சய வருஷம்' என்று எழுதியிருந்தால் அது 1746 சித்திரையில் தொடங்கிய ஆண்டு. அந்தப் பக்கத்தையும் சபைப் பதிவேட்டின் அதே வாரத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள், பதினொரு நாளைச் சரிசெய்துகொண்டு.