கொழும்பில் வெளிப்புறச் சுத்திகரிப்புத் தொழில்: இயந்திரம் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மதிலும் முற்றமும் கூரையும் பாசி பிடிப்பதற்கு வானிலை ஒன்றே போதும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரங்களில் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. எனவே இத்தொழிலில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதில் இறங்குகிறவர்களுள் பலர் முதல் வேலையாகக் கடனெடுத்து, தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கேற்ற வேலையைத் தேடத் தொடங்குகிறார்கள். எந்தப் பரப்பைக் கழுவப் போகிறோம், அங்கே எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும் என்பவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்க வேண்டிய பொருள் அது.

கடைக்குப் போனதும் கண்ணில் படுவது பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'பார்' எண்ணே, அதாவது அழுத்தத்தின் அளவே. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது மிகப் பொதுவான தவறு. அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்த அழுக்கை அடித்துக்கொண்டு போவதற்குத் தண்ணீரின் அளவு வேண்டும். 130 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 லீற்றர் தரும் வீட்டு இயந்திரத்தையும், அதே அழுத்தத்தில் 12 லீற்றர் தரும் தொழில்முறை இயந்திரத்தையும் ஒரே முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால், பின்னையது வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்பது உடனே விளங்கும். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் உச்ச அழுத்தத்தையே குறிக்கும் என்பதையும், தொடர்ந்து ஓடும்போது கிடைக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு என்பதையும் மறக்கலாகாது. ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதைத்தான்.

அந்தத் தண்ணீர் குழாயில் வருமா என்பது அடுத்த கேள்வி. 12 லீற்றர் கேட்கும் இயந்திரத்துக்கு 8 லீற்றர் மட்டும் கொடுத்தால் பம்பினுள் வெற்றிடம் உண்டாகி, முத்திரைகளும் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையங்கள்) வால்வுகளும் விரைவில் தேய்ந்துபோகும். வேலையை ஒப்புக்கொள்ளுமுன் 20 லீற்றர் வாளி ஒன்றைக் குழாயின் கீழ் வைத்து, கையில் கடிகாரத்துடன் நின்று பாருங்கள்: 100 விநாடிக்குள் நிரம்பாவிட்டால் அந்தக் குழாயில் அந்த இயந்திரத்தை நேரடியாகப் பொருத்தக் கூடாது, இடையில் ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும். அந்தத் தாங்கிக்கு இறுக்கமான மூடி இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதைக் காலிசெய்து கவிழ்க்கவும் வேண்டும். டெங்கு நுளம்பு பெருகும் இந்நகரில் திறந்து கிடக்கும் தண்ணீருக்காக 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கப்படலாம். மேலும், நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் ஐந்து மணித்தியாலம் கழுவினால் 3,600 லீற்றர், அதாவது 3.6 அலகு செலவாகும். பாவனை கூடக்கூட அலகுக் கட்டணமும் ஏறுவதால், மாத முடிவில் பட்டியலைப் பார்த்து வீட்டுக்காரர் திகைக்காதபடி, தண்ணீர் யாருடையது என்பதைக் கூறுவிலையிலேயே எழுதிவிடுவது நல்லது.

மின்சாரத்திலும் இதே கணக்குத்தான். 230 வோல்ட்டில் 13 அம்பியர் செருகி ஏறத்தாழ 3 கிலோவாட் வரைதான் தாங்கும். அதற்கு மேற்பட்ட மோட்டாரை வாங்கிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் பொருத்துவதற்கு இடமிருக்காது. மெல்லிய நீட்டிப்பு வயரைச் சுருளாக வைத்தபடி ஓட்டினால் வயர் சூடேறும், வோல்ட் குறைந்து மோட்டாரும் எரியும். மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்காமல் ஈர நிலத்தில் மின் இயந்திரத்தை இயக்கவே கூடாது. பெற்றோல் இயந்திரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் மதிலோடு மதில் ஒட்டிய ஒழுங்கைகளில் அதன் சத்தத்தை அயலவர் பொறுக்க மாட்டார்கள், மூடிய வாகனத் தரிப்பிடங்களில் அதன் புகை உயிருக்கே ஆபத்தானது.

எல்லாவற்றையும்விட அதிக இழப்பைத் தருவது, எல்லாப் பரப்பையும் ஒரே விதமாகக் கழுவுவது. இன்டர்லொக் கல் பதித்த முற்றத்தில் கூரான முனையை நிலத்தோடு ஒட்டிப் பிடித்தால் கற்களுக்கிடையே உள்ள மணல் முழுவதும் கிளம்பிவிடும். பின்னர் வண்டி ஏறும்போது கற்கள் ஆடும். கழுவிய தடம் ஈரத்தில் தெரியாது. மறுநாள் காய்ந்த பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும். 25 அல்லது 40 பாகை விசிறி முனையைச் சற்று எட்டப் பிடித்துச் சீராக நகர்த்துவதும், இறுதியில் புதிய மணலைப் பரப்பிக் கூட்டிவிடுவதும் இந்த வேலையின் பகுதியே. அந்த மணலின் செலவையும் விலையில் சேருங்கள். பழைய வீடுகளின் கபூக் கல் (செம்புரைக்கல்) மதில்கள் இன்னும் மென்மையானவை. சுண்ணாம்புப் பூச்சிலுள்ள வெடிப்பின் வழியே அழுத்தத் தண்ணீர் உள்ளே புகுந்தால், பூச்சு உப்பிப் பின்னர் கழன்று விழும். எந்தச் சுவரிலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பதே முறை.

அஸ்பெஸ்டோஸ் கூரைத் தகடுகளை அழுத்தத் தண்ணீரால் கழுவும் வேலையை, எவ்வளவு கூலி தந்தாலும், ஏற்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். வெயிலிலும் மழையிலும் தேய்ந்த தகட்டிலிருந்து நார்கள் பிரிந்து தண்ணீரோடு சுவரிலும் முற்றத்திலும் படிகின்றன. காய்ந்ததும் அவை தூசாகி மூச்சில் கலந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடும். பழைய தகடு ஆளின் பாரத்தைத் தாங்காமல் உடைந்து விழும் ஆபத்தும் உண்டு.

சுவரின் கறுப்புப் பாசிக்குப் பெரிய அழுத்தம் தேவையே இல்லை. நன்கு ஐதாக்கிய சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் வெளிற்றி) கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து மேலாகத் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டு, மேலிருந்து கீழாக அலசினால் போதும். அதை எந்த அமிலத்தோடும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைப்பதும், கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் நேராக இறங்காமல் பார்ப்பதும் அவசியம். அக்கால்வாய்கள் பேர வாவிக்கும் கடலுக்கும் போகின்றன.

வாங்கும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்கிறதா என்பதைப் பணம் கொடுக்குமுன் விசாரியுங்கள். பழைய சோனகர் தெருவில் விலை குறைந்த ஒன்றைக் கண்டு வாங்கிவிட்டு, ஒரு முத்திரைக்காக வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த இலாபம் அதிலேயே கரைந்துவிடும். பித்தளைத் தலை கொண்ட பிளஞ்சர் பம்பு விலை கூடினாலும் பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் ஓட்டக்கூடியது. கையில் முதல் குறைவென்றால் கூரைப் பீலி துப்புரவில் தொடங்கலாம்: நல்ல ஏணி, கையுறை, வாளி, சாதாரணக் குழாய் இருந்தால் போதும்; டெங்கு பயத்தால் அதைக் கேட்டு அழைப்பவர்களும் உண்டு. உயர்ந்த தொடர்மாடிகளின் கண்ணாடி வேலை கயிற்றில் தொங்கப் பயிற்சி பெற்றவர்களுக்குரியது.

அழுத்த நீர் தோலைத் துளைத்தால் வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். உள்ளே தசை சிதைந்திருக்கும். அப்படி நேர்ந்தால் மருந்து தடவிக் காத்திராமல் உடனே வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆளை வேலைக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காகச் சம்பளத்தில் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பதால், ஊழியரின் பங்கான 8 சதவீதத்தைச் சம்பளத்தில் கழித்தாலும், இந்த 15 சதவீதத்தைச் சதுர அடி விலையைத் தீர்மானிக்கும்போதே கணக்கில் எடுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கையும் மூன்றாம் தரப்புச் சேதக் காப்புறுதியையும் பெற்றுக்கொண்டால், நிறுவனங்களின் வேலைக்கும் கூறுவிலை கொடுக்க வழி பிறக்கும். முன்பே இருந்த வெடிப்புகளையும் பெயர்ந்த பெயின்ட்டையும் வேலை தொடங்குமுன் படமெடுத்து, வீட்டுக்காரரிடம் காட்டி, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டே இயந்திரத்தை இயக்க வேண்டும்.